உங்களுக்குத் தெரியுமா? பியானோ பட்டறையின் அளவுக் கருவிகள்

புதுச்சேரியில் பழைய பியானோவைப் பிரித்து உட்காருபவருக்கு மூன்று பேரோடு பஞ்சாயத்து: பிரெஞ்சு மில்லிமீட்டர், ஆங்கிலேய அங்குலம், கடற்காற்று. அளவுக் கருவி கடையில் காசுக்குக் கிடைத்துவிடும். அது காட்டும் எண்ணை எப்போது நம்பலாம் என்பதைத்தான் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

◆ எல்லைக்கு அந்தப் பக்கம் அங்குலம்

மீட்டரைச் சட்டமாக்கிய முதல் நாடு பிரான்ஸ், ஆண்டு 1795. 1840 முதல் அங்கே அது கட்டாயம். பிரெஞ்சுப் புதுச்சேரியைச் சுற்றி வளைத்திருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலோ ஆங்கிலேயரின் அடியும் அங்குலமும்தான் அரசாங்கக் கணக்கு. இந்தியாவுக்கு மெட்ரிக் சட்டம் வந்தது 1956-ல். பியானோ உலகிலும் இதே எல்லைக்கோடு உண்டு. பாரிஸின் பிளேயல், கவோ ஒரு பக்கம். லண்டனின் பிராட்வுட் மறுபக்கம். எந்த ஊர்ச் சரக்கு என்று பெயரைப் பார்த்த பிறகே ஸ்பேனரில் கை வைக்க வேண்டும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அந்தத் தலைக்கு 6 மி.மீ. ஸ்பேனர் நுழையாது, 7 மி.மீ. போட்டால் முனை மழுங்கும்.

◆ 25 போட்டால் கம்பி பற்றாது

அங்குலத்துக்கு இன்று மீட்டர்தான் அடிப்படை. 1959 ஜூலை 1 முதல் ஓர் அங்குலம் மிகச்சரியாக 25.4 மி.மீ. அவசரத்துக்கு 25 என்று பெருக்குகிறவர்கள் 40 அங்குலக் கம்பிக்கு 16 மி.மீ. குறைத்து வெட்டிவிடுவார்கள்.

◆ இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

பள்ளி ஆய்வகத்தில் நாம் பிடித்துப் பார்த்த வெர்னியர் அளவி, பியேர் வெர்னியே 1631-ல் வெளியிட்ட யோசனை. திருகு அளவிக்கு 1848-ல் காப்புரிமை பெற்றவர் பாரிஸைச் சேர்ந்த ழான் லோரான் பால்மர். பியானோ கம்பியை அளக்க இந்த இரண்டில் எதை எடுப்பது? அடுத்த துணுக்கைப் பாருங்கள்.

◆ 0.025-க்குள் ஒரு உலகம்

பியானோ கம்பிகளுக்கு எண் உண்டு. 13-ஆம் எண் 0.775 மி.மீ.; பதின்மூன்றரை 0.800, 14-ஆம் எண் 0.825. அதாவது அரை எண்ணுக்கு அரை எண் வித்தியாசம் வெறும் 0.025 மி.மீ. சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. அதில் நான்கு கம்பிகள் ஒரே கோட்டில் ஒளிந்துகொள்ளும். 0.02 மி.மீ. வெர்னியரும் இங்கே தடுமாறும். 0.01 மி.மீ. படிக்கும் திருகு அளவிதான் சரி. பொது விதி எளிது: நீங்கள் பிரித்தறிய வேண்டிய வித்தியாசத்தில் பாதிக்கும் குறைவாகவே கருவியின் மீச்சிற்றளவு இருக்க வேண்டும்.

◆ ஒரு எண் தவறினால்

நீளமும் சுருதியும் மாறாதபோது, கம்பியின் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16-ஆம் எண் (0.925 மி.மீ.) இருந்த இடத்தில் 17-ஆம் எண்ணை (0.975 மி.மீ.) மாட்டினால், அதே சுருதிக்கு இழுவிசை சுமார் 11 சதவீதம் கூடும். அரை எண் தவறினால்கூட 5 சதவீதத்துக்கு மேல். ஒரு பியானோவின் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 18 முதல் 20 டன். அந்தப் பாரத்தில் இப்படி ஆங்காங்கே கூட்டிக் குறைப்பது விளையாட்டல்ல.

◆ துரு சொல்லும் பொய்

கடற்கரைச் சாலைக்குப் பக்கத்து வீடுகளில் இரும்புக்கு ஆயுள் குறைவு. துருப்பிடித்த கம்பியைத் துருவோடு அளந்தால் ஒரு எண் பெரிதாகக் காட்டும். துருவைச் சுரண்டிவிட்டு அளந்தால் ஒரு எண் சிறிதாகும். கம்பியில் பளபளப்பு மிச்சமிருக்கும் இடத்தைத் தேட வேண்டும். ஒரு முறை அளந்து, கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். பக்கத்துக் கம்பிகளிலும் பார்த்து, அதிகம் திரும்பி வரும் எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கம். பல பியானோக்களில் கம்பி எண்ணை உள்ளேயே எங்காவது பொறித்திருப்பார்கள். டார்ச் அடித்துத் தேடுவது அளப்பதற்கு முந்தைய வேலை.

◆ திரையில் இரண்டு தசமம்

டிஜிட்டல் காலிப்பர் 12.37 என்று காட்டுகிறது. அந்த 7-ஐ எவ்வளவு நம்பலாம்? திரை 0.01 வரை காட்டினாலும், இந்த வகைக் காலிப்பர்களின் உத்தரவாதமான பிழை வரம்பு பெரும்பாலும் 0.02 அல்லது 0.03 மி.மீ. வரை இருக்கும். காட்டும் நுணுக்கம் வேறு, உண்மையின் நுணுக்கம் வேறு. ஆணி, மரம், ஃபெல்ட் எல்லாவற்றுக்கும் அது தாராளம். கம்பிக்கு மட்டும் வேண்டாம்.

◆ சுழிப்பிழை இன்னும் தேர்வில் வருகிறது

பத்தாம் வகுப்பை முடித்ததும் நாம் மறந்துவிட்ட சுழிப்பிழை, பட்டறையில் தினமும் தேர்வு வைக்கும். திருகு அளவியின் இரு முகங்களுக்கு நடுவே சுத்தமான தாள் ஒன்றை லேசாகப் பிடித்து உருவி எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் போகும். பிறகு மூடிப் பாருங்கள். பூஜ்ஜியம் வர வேண்டும். முனையில் உள்ள ராட்செட்டைத் திருப்பித்தான் மூட வேண்டும். விரல் பலத்தில் இறுக்கினால் ஆளுக்கு ஒரு அளவு வரும்.

◆ ஃபேன் பேரிங் ஒரு நீதிபதி

காலிப்பரைச் சோதிக்க விலை உயர்ந்த அளவுக் கட்டைகள் வேண்டும் என்பதில்லை. சீலிங் ஃபேனுக்குப் போடும் 6202 பேரிங் புதிதாக ஒன்று வாங்குங்கள். அதன் வெளிவிட்டம் 35 மி.மீ.; உள்விட்டம் 15 மி.மீ. தரமான தயாரிப்பில் வெளிவிட்டம் அதிகபட்சம் 0.011 மி.மீ. மட்டுமே குறையலாம் என்பது சர்வதேச வரம்பு. ஆக, ஒரே பேரிங்கில் வெளித்தாடையையும் உள்தாடையையும் சோதித்துவிடலாம். அகலத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு வரம்பு தளர்வு. வாங்கும்போது தெரிந்த கம்பெனிச் சரக்காக இருக்கட்டும்.

◆ டேப்பின் கொக்கி ஏன் ஆடுகிறது?

புது டேப்பின் நுனிக் கொக்கி லொட லொடவென்று ஆடுவதைப் பார்த்துச் சிலர் தட்டி இறுக்குகிறார்கள். அது கெடுதல். கொக்கியின் தகடு எவ்வளவு தடிமனோ, அவ்வளவு தூரம் அது நகர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் தகட்டின் தடிமன் கணக்கில் குழம்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. கம்பி நீளத்தை அளக்கும்போது கொக்கியே வேண்டாம், 10 செ.மீ. கோட்டில் தொடங்குங்கள். கடைசியில் அந்த 10-ஐக் கழிக்க மறக்காமல் இருந்தால் சரி.

◆ 20 டிகிரி உலகம்

நீள அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931-ல் முடிவானது. புதுச்சேரியில் அது ஏசி அறை சமாச்சாரம். சித்திரை வெயிலில் 35 டிகிரியில் 1 மீட்டர் எஃகு அளவுகோல் சுமார் 0.17 மி.மீ. நீளும். கவலைப்பட வேண்டுமா? வேண்டாம். பியானோவின் இரும்புச் சட்டமும் ஏறக்குறைய அதே அளவு நீண்டிருக்கும். எந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று தெரிவதும் தொழில்தான்.

◆ எட்டு நாணயம், ஒரு கட்டை

பியானோ கட்டை எவ்வளவு பாரத்தில் இறங்குகிறது என்பதுதான் வாசிப்பவரின் விரலுக்குத் தெரியும் கனம். நடுக் கட்டைகளுக்கு 50 கிராம் அளவு பொதுவான இலக்கு. 2011 முதல் 2018 வரை வந்த மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் 6 கிராம். எட்டு சேர்ந்தால் 48. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: 1990-களில் வந்த கனமான வெள்ளை 5 ரூபாய் 9 கிராம். எட்டில் இரண்டு பழசு கலந்தால் 6 கிராம் கூடிவிடும். உண்டியலைக் கொட்டி எடுப்பவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கவும்.

◆ முத்திரை வைத்த கல்

சின்ன மின்தராசு வாங்கியவர்கள் அதைச் சரிபார்க்க எங்கும் அலைய வேண்டாம். கடைகளில் புழங்கும் எடைக்கற்களை 2 ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். 50 கிராம், 100 கிராம் முத்திரைக் கல் இரண்டு வாங்கிப் பட்டறையில் வைத்துக்கொண்டால், தராசு எப்போது பொய் சொல்லத் தொடங்குகிறது என்று அதே நாளில் தெரிந்துவிடும்.

◆ புரட்டிப் போட்டால் உண்மை வரும்

ரசமட்டத்தை ஒரு பலகையில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழி மாறி நின்றால் கோளாறு ரசமட்டத்தில். கட்டைகளைச் சமன் பார்க்கும் நீளக் கோலுக்கும் இதே வைத்தியம். விளிம்பை ஒட்டிக் காகிதத்தில் கோடு போட்டு, கோலைப் புரட்டி, அதே புள்ளிகளுக்கு இடையே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், கோலின் வளைவு அதில் பாதி. வேறு எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனை இது.

◆ 10 மி.மீ. மரத்துண்டு

கட்டை எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? சுமார் 10 மி.மீ. அதைப் பார்க்கப் பலர் மரத்துண்டு ஒன்றைச் சீவி வைத்திருப்பார்கள். இழைக்குக் குறுக்கே மரம் ஈரத்தில் ஊதும். வெயில் காலத்தில் சீவிய 10 மி.மீ. துண்டு, ஐப்பசி மழையில் 0.1 மி.மீ. அளவுக்குத் தடிக்க வாய்ப்பு உண்டு. பித்தளை அல்லது அக்ரிலிக் துண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மரத்துண்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். இங்கே முக்கியம் 88 கட்டைகளும் ஒன்றுபோல இறங்குவது. ஒரே நாளில் ஒரே துண்டை வைத்து 88-ஐயும் பார்த்துவிட்டால், துண்டின் பிழை எல்லாக் கட்டைக்கும் பொது. விரலுக்கு அது தெரியவே தெரியாது.

◆ உப்பு ஒரு அளவுகோல்

பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதம் சுமார் 40 முதல் 60 சதவீதம். புதுச்சேரிக் காற்றோ ஆண்டின் பெரும்பகுதி 70-ஐத் தாண்டி நிற்கும். அதனால் ஈரப்பதமானி கட்டாயம். அதைச் சோதிக்கச் சமையலறை போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு, அது ஈர மணல்போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். உள்ளே காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிலைத்துவிடும். மானி 80 காட்டினால் இனி 5-ஐக் கழித்துப் படியுங்கள். சென்னைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களில் கிடைக்கும் பச்சை உப்பு இதற்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்பு அளவைக் கீழே இழுக்கும். சுத்திகரித்த பாக்கெட் உப்பே சரி.

◆ இசைக்கவைக்கும் வேர்க்கும்

440 என்று பொறித்த எஃகு இசைக்கவை வெப்பம் ஏற ஏறச் சுருதி இறங்கும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.05 ஹெர்ட்ஸ். 20 டிகிரிக்குச் செய்த கவை, 32 டிகிரி அறையில் அரை ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் தாழ்ந்து ஒலிக்கும். சட்டைப் பையில் வைத்திருந்து எடுத்தால் இன்னும் தாழும்.

◆ பாரிஸ் சுருதி 435

பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்து, 1859-ல் சுருதிக்கே சட்டம் போட்டது. குழுவில் ரோசினி, பெர்லியோஸ் போன்ற இசைமேதைகளோடு இயற்பியலாளர் லிசாஜுவும் இருந்தார். அவர்கள் நிர்ணயித்தது 435 ஹெர்ட்ஸ், 15 டிகிரியில். அந்தச் சுருதிக்குக் கட்டிய பழைய பிரெஞ்சுப் பியானோவை இன்றைய 440-க்கு ஏற்றினால் இழுவிசை 2.3 சதவீதம் கூடும். 18 டன்னில் அது 400 கிலோவுக்கும் மேல். பழைய சட்டம் தாங்குமா என்று பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.

◆ 439 ஏன் தோற்றது?

இங்கிலாந்தில் 1896 முதல் 439 புழங்கியது. 1939-ல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு 440-ஐத் தேர்ந்தெடுத்தது. வானொலிக்காகப் படிகத்தின் அதிர்வை வகுத்தும் பெருக்கியும் சுருதி உண்டாக்கிய காலம் அது. 440-ஐ அப்படிப் பெறலாம். 439 பகா எண் என்பதால் முரண்டு பிடித்தது. எளிதில் சரிபார்க்க முடிந்த எண்ணே உலக அளவுகோலாயிற்று.

◆ செயின்ட் லூயி வீதியில் ஒரு அட்டவணை

சுருதி இடைவெளிக்கும் இரண்டு அளவுகோல்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் சவாரின் பெயரால் அமைந்த அலகில் ஓர் எண்மம் (ஆக்டேவ்) சுமார் 301. இங்கிலாந்தின் அலெக்சாண்டர் எல்லிஸ் 1885-ல் பரப்பிய சென்ட் கணக்கில் 1200. இன்றைய செல்போன் செயலிகள் பேசுவது சென்ட். இசை இடைவெளிகளை ஒப்பிட்டுப் பிரெஞ்சு இசையியலாளர் அலென் தானியேலு தயாரித்த விரிவான அட்டவணையை 1958-ல் வெளியிட்டது புதுச்சேரி செயின்ட் லூயி வீதியின் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம். ஒரு வேடிக்கை: 435-க்கும் 440-க்கும் இடைவெளி சுமார் 20 சென்ட். நம் இசை நூல்கள் பேசும் பிரமாண சுருதி (81/80) 21.5 சென்ட். பிரெஞ்சுப் பியானோவும் இன்றைய பியானோவும் கிட்டத்தட்ட ஒரு சுருதி தள்ளி நிற்கின்றன.

◆ காது ஒரு கருவி

இரண்டு ஒலிகள் ஒரு ஹெர்ட்ஸ் விலகினால் நொடிக்கு ஒரு விம்மல் கேட்கும். 10 நொடிக்கு 5 விம்மல் எண்ணினால் வித்தியாசம் அரை ஹெர்ட்ஸ். காலிப்பர் இல்லாத காலத்திலிருந்து சுருதி சேர்ப்பவர்கள் நம்பிய கணக்கு இதுதான். உங்கள் இசைக்கவையைச் செல்போனிலிருந்து வரும் 440-ஓடு சேர்த்து ஒலிக்கவிட்டு எண்ணுங்கள். கவை எவ்வளவு தவறு என்று காதே சொல்லிவிடும்.

◆ போன் சரி, செயலி?

செல்போனுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பொதுவாக 440-ல் ஒரு ஹெர்ட்ஸின் நூறில் ஒரு பங்கு அளவுக்கே தவறும். இசைக்கவையைவிடப் பல மடங்கு நம்பகம். பிறகு ஏன் செயலிக்குச் செயலி எண் மாறுகிறது? ஒலியைப் பகுத்தறியும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. தவிர, பியானோ கம்பியின் விறைப்பால் அதன் மேல்சுரங்கள் சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கும். அதற்கேற்ப எண்மங்களை லேசாக அகட்டிச் சேர்ப்பது தொழில் முறை. கிதாருக்கு எழுதிய செயலிக்கு இந்தச் சங்கதி தெரியாது.

◆ ஆரோவில் குழாய்

ஆரோவில்லின் 'ஸ்வரம்' இசைக்கருவிப் பட்டறை காற்றில் ஒலிக்கும் குழாய் மணிகளுக்குப் பேர்போனது. இப்படிப்பட்ட குழாயின் சுருதி நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். 40 செ.மீ. குழாயில் 1 மி.மீ. கூடுதலாக அறுத்தால் சுருதி 8 சென்ட்டுக்கு மேல் ஏறிவிடும். அதே நீளக் கம்பியில் 1 மி.மீ. பிழைக்கு 4 சென்ட்தான். கம்பியைப் பிறகு முறுக்கித் திருத்தலாம். குறைத்து அறுத்த குழாயை நீட்ட முடியாது. திருத்த வழியில்லாத வேலைக்குத்தான் நல்ல அளவுகோல் முதலில் தேவை.

◆ கப்பலில் ஒரு கடிகாரம்

1761-ல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததை அளக்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்ட்டி. அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. நிகழ்வை நடுக்கடலில் கப்பலிலிருந்து பார்த்தார். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரத்தை நம்ப முடியாது என்பதால் அந்த அளவு எதற்கும் பயன்படவில்லை. வெள்ளி மறுபடி கடக்கவிருந்த 1769 ஜூன் 4-க்கு அவர் புதுச்சேரியில் ஆய்வுக்கூடமே கட்டித் தயாராக இருந்தார். சென்னை ஆங்கிலேயர்கள் தொலைநோக்கியும் கொடுத்து உதவினார்கள். அன்று காலை மேகம் மறைத்துவிட்டது.

◆ சோழி வென்ற கதை

அதே லெ ஜான்ட்டி இங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கேட்டார். சோழிகளை நகர்த்தி மனக்கணக்காய்ப் போடும் முறை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ் முறையில் கணக்கிட்டால் 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணைப்படி 68 வினாடி அதிகம். தனக்குப் பாதகமான இந்த ஒப்பீட்டையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். கருவியின் பெயரைப் பார்க்காமல் விடையைப் பார்ப்பது அப்படித்தான்.

◆ முறுக்கும் ஆணிக்கு எந்த ரிஞ்ச்?

கம்பி சுற்றிய ஆணிகள் பலகையில் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று பார்க்க முறுக்கு விசை ரிஞ்ச் வேண்டும். 'க்ளிக்' சத்தம் போடும் வகை வேண்டாம்; அது எல்லை தொட்டதை மட்டும் சொல்லும். ஆணி திரும்பும்போதே முள் எண் காட்டும் வகைதான் பயன். சுமார் 50 அங்குல-பவுண்டுக்குக் கீழே இறங்கினால் பலர் கவலைப்படத் தொடங்குவார்கள். ரிஞ்சைச் சோதிக்க அதன் தலையை வைஸில் கிடைமட்டமாகப் பிடித்து, 30 செ.மீ. தள்ளி 2 கிலோ முத்திரைக் கல்லைத் தொங்கவிடுங்கள். ரிஞ்சின் சொந்தக் கனத்தைக் கழித்து 52 அங்குல-பவுண்டு வந்தால் நம்பலாம்.

◆ முதலில் எதை வாங்குவது?

பணம் அளவாக இருந்தால் வரிசை இது: 0 முதல் 25 மி.மீ. வரை அளக்கும் திருகு அளவி, சாதாரண டிஜிட்டல் காலிப்பர், ஈரப்பதமானி, முத்திரைக் கற்கள், ஒரு 6202 பேரிங், ஒரு பாக்கெட் உப்பு. கடைசி மூன்றும் மற்றவற்றுக்குக் காவல். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் சோதித்து, தேதியோடு சுவரில் ஒட்டிய தாளில் குறித்து வையுங்கள். வாடிக்கையாளரின் பியானோவுக்குக் கம்பி ஆர்டர் போடும் நாளில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போடலாம்.